தாய்மொழியில் அழுத பிள்ளை

தேக்காச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. 1958-இல் அந்தச் சந்தில் விடிந்ததும் விடியாததுமாக நூறு பிள்ளைகள் அழும். அழுதால்தான் மரியாதை. அங்கே குடியிருந்தவர் மழலைச் சாமி. பச்சைப்பிள்ளையின் அழுகை அவருக்குப் பாஷை. வீறிட்டால் என்ன அர்த்தம், சிணுங்கினால் என்ன அர்த்தம், நடுவில் விக்கினால் என்ன அர்த்தம் என்று பிட்டுப் பிட்டு வைப்பார். காத்தோங்கிலிருந்து காரில் வந்தார்கள். செம்பவாங்கிலிருந்து பஸ் மாறி வந்தார்கள். புருஷன் பேசுவதே பெண்டாட்டிக்குப் புரியாத ஊரில் பிள்ளை பேசுவது புரிந்த ஒரே மனிதர் என்றால் சும்மாவா?

இதே சாமி முந்தின வருஷம் வரை வடிவேலு என்ற பெயரில் புக்கிட் தீமா ரேஸ் மைதானத்து வாசலில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குதிரைகள் ஒத்துழைக்கவில்லை. பிள்ளைகளிடம் அந்தத் தொல்லை கிடையாது. ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று எந்தப் பிள்ளையும் எழுந்து மறுக்கப் போவதில்லை.

சாமி பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டார். பார்த்தால் பாசம் வந்து ஞானம் கலங்கிவிடுமாம். அதனால் நடுவில் ஒரு சிவப்புத் திரை. திரைக்கு வெளியே அவருடைய சிஷ்யை அன்னம்மா. வரும் தாய்மாரிடம் உடம்புக்கு என்ன, எத்தனையாவது பிள்ளை, மாமியார் கூட இருக்கிறாளா என்று ஆறுதலாக விசாரிப்பாள். பிறகு திரைப்பக்கம் திரும்பி, “சாமி, சாம்பிராணி போடட்டுமா?” என்று கேட்பாள். வயிற்றுப்போக்குப் பிள்ளைக்கெல்லாம் ஏன் சாம்பிராணி, காய்ச்சல் பிள்ளைக்கெல்லாம் ஏன் கற்பூரம் என்று யாரும் கேட்கவில்லை. தூங்கும் பிள்ளையை அவள் மடியில் வாங்கித் தொடையைத் தொட்டு ஆசீர்வதிப்பாள். உடனே அது வீறிடும். காணிக்கையாகச் சாமி காசு வாங்குவதில்லை. மூடி திறக்காத பால்பவுடர் டின் ஒன்று போதும்.

அந்த வரிசையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை சந்திரமதி நின்றாள். கையில் எட்டு மாதப் பூங்கோதை. ஆறு நாளாக வயிற்றால் போய்த் துவண்டு கிடந்தது.

முந்தின நாள் பிள்ளைக் கிளினிக்கில் தராசில் வைத்தபோது அரை ராத்தல் குறைந்திருந்தது. அங்கே நர்ஸ் ருக்கையா. ஊருக்கெல்லாம் மிஸி. பால் எப்படிக் கலக்குகிறாய் என்று கேட்டாள். குழாய்த் தண்ணீரில், கண்ணளவில் என்றாள் சந்திரமதி. டின்னில் எழுதியிருப்பது இங்கிலீஷ். அவளுக்கு யார் படித்துச் சொன்னார்கள்?

மிஸி திட்டவில்லை. ஒரு டின் கொடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்று, டின்னுக்குள் இருக்கிற கரண்டியால் அள, புட்டியையும் கொதிநீரில் போடு என்று செய்து காட்டினாள். ஆனால் சந்திரமதிக்குக் கேட்க வேறொன்று இருந்தது. பூங்கோதையை அவள் பெறவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் காய்கறித் தோட்டம் போடும் சீனக் குடும்பத்தில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்து, இருபதாம் நாள் இவள் கைக்கு வந்தவள். பத்து வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவளுக்கு அந்த எட்டு மாதம்தான் வாழ்க்கை. இந்தப் பிள்ளை பெற்றவளைத் தேடித்தான் அழுகிறதோ என்ற பயம் அவளை அரித்தது. திருப்பிக் கொடுத்தால்தான் பிழைக்குமோ?

“பக்கத்து வீட்டு ரத்தினம்மா சாமிகிட்டக் கேளுன்னு சொல்றாங்க மிஸி.”

“போறதுன்னா போ. ஆனா வயித்துப்போக்குன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத. பிள்ளை பேசுறது அவருக்குப் புரிஞ்சா மிச்சத்தப் பிள்ளையே சொல்லும்லா?”

ரத்தினம்மாவும் தன் ஐந்து மாத மகனோடு கூடவே வந்திருந்தாள். சந்திரமதியின் முறை வந்தது. பிள்ளை தலையோடு துணியில் பொதிந்து தூங்கிக்கொண்டிருந்தது.

“என்னம்மா பிள்ளைக்கு?”

“வயித்தால போகுது.”

“தலைப்பிள்ளையா?”

“ஆமா.”

“சாமி, சாம்பிராணி போடட்டுமா? ஒத்தைத் திரி ஏத்துறேன்” என்று குரல் கொடுத்துக்கொண்டே அன்னம்மா பிள்ளையை வாங்கித் தொடையை ஆசீர்வதித்தாள். பூங்கோதை அலறியது. துணி விலகியது. நெற்றியில் மைப்பொட்டு, கையில் வசம்பு வளையல், முகம் மட்டும் அச்சாகச் சீன முகம். அன்னம்மாவுக்கு வேர்த்துவிட்டது. சாமிக்கும் அவளுக்கும் இடையில் இருந்த அகராதியில் இதற்கு ஒரு வார்த்தை கிடையாது. வேறு வழியில்லாமல் இருமினாள்.

“இருமலும் இருக்கு” என்றது திரை.

மறுபடி இருமினாள். சாமி கண்டுகொள்ளவில்லை.

“பிள்ளை சொல்லுது. ‘அம்மா, நான் உன் வயித்துல ஏழு மாசமா இருந்தப்ப, உச்சி வெயில்ல ஈரத்தலையோட வாசல்ல நின்னியே. அப்பத்தான் அப்பாவோட பாட்டி என்னைப் பிடிச்சுக்கிட்டா’ங்குது. பன்னெண்டு நாளைக்குப் பால் ஆகாது. திருநீத்துத் தண்ணி மட்டும் குடு. கிளினிக் பக்கம் போகாத. தராசுல வச்சா பிள்ளை தேஞ்சிடும்.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. சந்திரமதிக்கு முதலில் அழுகை வந்தது. ஏழு மாதம். ஒரு மாதமாவது சுமக்கமாட்டோமா என்று அவள் ஏங்காத நாளில்லை. பன்னிரண்டு நாள் என்ற சொல் அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஆறு நாளுக்கே அரை ராத்தல் போயிற்று. பிள்ளையைத் திரும்ப வாங்கித் தொடையைப் பார்த்தாள். இரண்டு நகம் பதிந்து சிவந்திருந்தது. அழுகை போய்க் கோபம் வந்தது.

“சாமி, பிள்ளை எந்தப் பாஷையில சொல்லுது?”

“சுத்தத் தமிழ்ல. எந்தப் பிள்ளையும் தாய்மொழியிலதான் அழும்.”

அன்னம்மா இருமிய இருமலில் உயிரே போய்விடும் போலிருந்தது.

“எந்தத் தாயோட மொழி சாமி?”

“இதென்ன கேள்வி? பெத்த தாயோட மொழி.”

சந்திரமதி திரையைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு வந்தது. உள்ளே சாமி கால் மேல் கால் போட்டு ரேஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தம்ளர் பால். மீசையில் பால். முதுகுக்குப் பின்னால் கூரை வரை பால்பவுடர் டின்கள், பாதிக்கு மேல் கிளினிக் முத்திரையோடு.

“இவளப் பெத்தவ சீனத்தி. தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. நான் எந்தப் பிள்ளையையும் சுமக்கல. எப்ப ஈரத்தலையோட நின்னேன், சொல்லுங்க.”

சாமி மீசையைத் துடைத்துக்கொண்டார். “போன ஜென்மத்துல அது தமிழ்ப் பிள்ளை.”

கூட்டத்தில் நாலு பேர் இதற்கும் தலையாட்டினார்கள். ஆட்டாதவள் ரத்தினம்மா. நேராக வந்து அன்னம்மாவின் வாயைப் பொத்தினாள். அவள் இடுப்பில் மகன் கத்திக்கொண்டிருந்தான்.

“இவன் இந்த ஜென்மத்துல என்ன சொல்றான், அதச் சொல்லுங்க லா.”

சாமி அன்னம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணைத்தான் உருட்ட முடிந்தது.

“வந்து... மாமியார் கண்ணு பட்டிருக்கு.”

“எனக்கு மாமியாரே கிடையாது” என்ற ரத்தினம்மா மகனின் அடியில் கைவைத்துப் பார்த்தாள். துணி தொப்பலாக நனைந்திருந்தது. அங்கேயே மாற்றினாள். அழுகை நின்றது. அந்தச் சந்தில் அன்றுதான் ஒரு பிள்ளையின் பாஷை ஒருவருக்குப் புரிந்தது.

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. டின்கள் தாய்மார் கைக்குத் திரும்பின. சாமி பின்வாசல் வழியாக வெளியேறிய வேகத்தில் அவர் சொன்ன குதிரை ஒன்றாவது ஓடியிருந்தால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்கமாட்டார்.

சந்திரமதி நேராகக் கிளினிக்குக்குப் போனாள். மிஸி சொன்னபடி எல்லாம் செய்தாள். அடுத்த வியாழக்கிழமை தராசில் கால் ராத்தல் ஏறியிருந்தது. ஆனாலும் அன்று கேட்காமல் விட்ட கேள்வி பாக்கி இருந்தது.

“இவ பெத்தவளத் தேடுறாளா மிஸி?”

மிஸி பிள்ளையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். “இப்பப் பாரு. யாரத் தேடுதுன்னு அதுவே சொல்லும்.”

பூங்கோதை உதட்டைப் பிதுக்கி அழுதது. இரண்டு கையையும் நீட்டியது, சந்திரமதியிடம். எட்டு மாதமாக ஏங்கிய பதிலை வாங்கி அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இப்போது அடுத்த சந்தில் ஒருவர் பிள்ளை விடும் கொட்டாவியை வைத்துப் பலன் சொல்கிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் போகலாம். போகுமுன் பிள்ளையின் துணி நனைந்திருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பாருங்கள். கை அதற்குத்தான் இருக்கிறது. தலையும் ஆட்டுவதற்கு மட்டும் இல்லை.