சுதந்திர விவாதச் சுற்றறிக்கை

மாணவர்கள் இனிமேல் சுதந்திரமாகச் சிந்திக்கலாம் என்று அந்தப் பல்கலைக்கழகம் மனமுவந்து அனுமதி வழங்கியது. எந்தத் தேதியிலிருந்து என்பதும் சுற்றறிக்கையில் இருந்தது. வகுப்புதோறும் விவாதம் நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் பேச வேண்டும், தலைப்புக்குப் பதிவாளரிடம் முன்அனுமதி பெற வேண்டும்.

காக்ஸ் டவுனில் குடியிருந்த கில்பர்ட் அங்கே அரசியல் அறிவியலில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்றால் வருஷா வருஷம் வேலை போகுமோ என்று பயப்படுவது. இந்த வருஷ ஒப்பந்தமும் பதிவாளர் ஸ்ரீகண்டன் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. "வாயைத் திறக்காம வேலையைக் காப்பாத்திக்கோங்க" என்று மனைவி மௌரீன் சொல்லித்தான் அனுப்பினாள். பேசுவதற்குத்தான் சம்பளம் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது, பாவம்.

தலைப்போடு பதிவாளரிடம் போனார்.

"தேர்தல் முறை, சார்?"

"அரசியல் பேடப்பா," என்று கன்னடத்தில் மறுத்தார் ஸ்ரீகண்டன்.

"இது அரசியல் வகுப்பு சார்."

"பாடத்துல இருக்கட்டும். பேச்சுல வேண்டாம்."

"காவிரி?"

ஸ்ரீகண்டன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நீங்க இந்த ஊர்லயே குடியிருக்கணுமா, வேண்டாமா?"

"டிராஃபிக்?"

"அதுக்கு ஆதரவா யாரு பேசுவா?"

கடைசியில் ஆபத்தே இல்லாத ஒரு தலைப்பு அங்கீகரிக்கப்பட்டது: 'வகுப்பில் சுதந்திர விவாதம் தேவையா?'

விவாதம் நடந்த அன்றைக்குப் பதிவாளரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வகுப்பு மொத்தமும் 'தேவை' பக்கம் நெருக்கியடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் ஈ காக்கை இல்லை.

"நீயாவது அந்தப் பக்கம் போயேன், அம்ருதா."

"சுற்றறிக்கையை எதிர்க்கவா? என் டிகிரில கையெழுத்துப் போடப்போறது அவர்தான் சார்."

"ரெண்டு பக்கமும் பேசலேன்னா விதிமீறல்," என்றார் ஸ்ரீகண்டன். "கில்பர்ட், நீங்களே எதிர்த்துப் பேசுங்க."

தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "பேச வேண்டியதையெல்லாம் எடுத்துட்டு, மிச்சத்தைப் பேசுன்னா அந்த விவாதம் எதுக்கு?" என்று வாயில் வந்ததும் மனுஷன் ஆளே மாறிவிட்டார். பல வருஷமாக நோட்ஸ் சொன்ன வாய், அன்றைக்குத்தான் பேசியது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். அடடா, அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு எவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் அதே வகுப்பில் விசாரணை. குற்றம்: மாணவர் மனதை மாற்றியது.

"நீங்கதானே சார் எதிர்க்கச் சொன்னீங்க?"

"எதிர்க்கச் சொன்னேன். நம்புற மாதிரி எதிர்க்கச் சொன்னேனா?"

ஸ்ரீகண்டன் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "நேத்து இவர் பேச்சைக் கேட்டு மனசு மாறினவங்க கை தூக்கலாம். சுதந்திரமா தூக்கலாம். பேரை மட்டும் குறிச்சுக்குவோம்."

ஒரு கைகூட எழவில்லை. அம்ருதா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை தப்பியது என்று கில்பர்ட்டுக்கு நிம்மதி. அழுகையும் வந்தது.

"நீங்க?" என்றார் ஸ்ரீகண்டன். "நீங்க பேசினதை நீங்களாவது நம்புறீங்களா?"

கில்பர்ட் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். "இல்ல சார்."

பதிவாளர் அங்கேயே கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். காரணத்தையும் வாசித்தார்: 'இத்தனை ஆண்டுகள் கற்பித்தும், தன் மனம் உட்பட எவர் மனதிலும் எவ்வித மாற்றமும் ஏற்படுத்தாத முன்மாதிரி ஆசிரியர்.'

வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. கில்பர்ட்டும் தட்டினார்.