கம்பாலாவுக்கு ஒரே ஒரு ஊசி

"எனக்கு முட்டை ஒத்துக்காது டாக்டர். வாயில வச்சாலே மூச்சு முட்டும்."

ராஜபாண்டியன் இப்படிச் சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி தங்கத்தாய்க்குத்தான் மூச்சு முட்டியது. காலையில்தான் இரண்டு ஆம்லெட்டை முடித்துவிட்டு, மூன்றாவதில் மிளகு போதவில்லை என்று சண்டை பிடித்திருந்தார் மனிதர்.

விஷயம் இதுதான். உகாண்டாவில், கம்பாலா நகரத்தில் இருக்கும் மகள் அனுப்பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. "ரெண்டு பேரும் உடனே வாங்க" என்று தினமும் போன். டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான அட்டை இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அதையும் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டாக வேண்டும்.

தாயில்பட்டியில் ராஜபாண்டியனுக்குப் பட்டாசுக் கம்பெனி. சோதனைக்கு வெடிக்கும் அணுகுண்டு வெடியின் திரியில் ஊதுபத்தியை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வருவார். ஓடியதே இல்லை. அவருடைய தைரியத்தைப் பற்றி ஆமத்தூர் வரைக்கும் பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவருக்கு ஊசி என்றால் ஈரக்குலையே நடுங்கும் என்பது கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாத ரகசியம். காய்ச்சல் என்றால் கஷாயம், அடிபட்டால் மஞ்சள் பற்று என்று ஐம்பத்தேழு வயது வரை ஓட்டிவிட்டார். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி போடமாட்டார்கள் என்று முந்தின நாள்தான் செல்போனில் படித்திருந்தார்.

"நல்ல வேளை சொன்னீக அண்ணாச்சி" என்றார் டாக்டர் சுகிர்தா. "அப்படின்னா இந்த ஊசி ஆகாதுதான்."

ராஜபாண்டியனின் முகம் மலர்ந்தது.

"ஆனா உறுதி பண்ணாம விட முடியாது. தோல்ல சின்னச் சின்னதாக் குத்திப் பார்த்துருவோம். ஒரு எட்டுக் குத்து."

"எட்டா?"

"கையைக் காட்டுங்க."

"டாக்டர், நீங்க கோழி முட்டையையா கேட்டீக? நான் வாத்து முட்டையில்ல சொன்னேன்!"

தங்கத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டை எழுதினார். "ஊசி தூத்துக்குடியிலதான் போடுவாங்க. ரெண்டு பேருமாப் போயிட்டு வாங்க. அங்க போனா தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க, கொசுவலை கட்டிப் படுங்க. மலேரியாவுக்கு மாத்திரை எழுதியிருக்கேன்."

"மாத்திரைன்னா எம்புட்டு வேணாலும் குடுங்க டாக்டர்!"

தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய அன்று ராஜபாண்டியன் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார். வெங்காயத்தைக் கக்கத்தில் வைத்தால் உடம்பு சுடும் என்பது பள்ளிக்கூடத்தில் கற்றவற்றில் அவருக்கு நினைவிருந்த ஒரே பாடம். காய்ச்சல்காரனுக்கு யாரும் தடுப்பூசி போடமாட்டார்கள் அல்லவா? சின்ன வெங்காயம் போதாதோ என்று பெரிய வெங்காயமாகவே வைத்திருந்தார்.

கார் எடுக்க வந்த போர்மேன் சங்கிலிமுத்து மோப்பம் பிடித்தான். "மொதலாளி மேல பஜ்ஜி வாசம் அடிக்கே!"

"காய்ச்சல் வாசம்லே அது. பேசாம இரு."

கார் தூத்துக்குடிக்குப் போகவில்லை. நேரே டாக்டர் சுகிர்தாவிடம் போனது.

"டெங்கு பரவுற சமயம் அண்ணாச்சி. ரத்தம் எடுத்துப் பார்த்துரணும். மூணு குப்பி."

ராஜபாண்டியன் துள்ளி எழுந்தார். "காய்ச்சல் விட்டுருச்சு டாக்டர்!" எழுந்த வேகத்தில் வெங்காயம் சட்டைக்குள்ளிருந்து நழுவி விழுந்து, உருண்டுபோய் டாக்டரின் செருப்பில் முட்டி நின்றது. குனிந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தார் டாக்டர்.

இப்படியே நாள் ஓடி, ஊசிக்குக் கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று விட்டால் பயணம் போச்சு. விடிந்ததும் விடியாததுமாக ராஜபாண்டியன் நொண்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தங்கம், நாய் கடிச்சிருச்சு. இந்த நேரத்துல வேற ஊசி போட்டா விஷமாயிருமாம்."

தங்கத்தாய் பதறிப்போய் மறுபடியும் டாக்டரிடமே இழுத்துக்கொண்டு போனாள்.

"விஷமும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். "நாய்க்கடிக்கு அஞ்சு ஊசி. முதல் ஊசி இப்பவே. காயத்தைச் சுத்தியும் போட வேண்டியிருக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசி அது பாட்டுக்குத் தனி. எங்கன கடிச்சுச்சு?"

எங்கே கடித்தது என்பதை ராஜபாண்டியன் யோசித்து வைத்திருக்கவில்லை. யாரும் பார்க்கக் கேட்காத இடமாக இருக்கட்டும் என்று இடுப்புக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

"சரி, வேட்டியைத் தளர்த்திக்கிட்டுக் குப்புறப் படுங்க."

"நாயே இல்லை டாக்டர்!" என்று அலறினார் ராஜபாண்டியன். "முட்டையும் ஒத்துக்கும், காய்ச்சலும் இல்லை, நாயும் இல்லை. எனக்கு ஊசின்னா பயம்!"

காரில் ஏறியதும் தங்கத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பது வருசமா உங்க தைரியத்தை நம்பித்தான் உங்களை வெடிக் கம்பெனிக்கு அனுப்பிட்டு நிம்மதியாத் தூங்குனேன். போகட்டும். நான் மட்டும் ஊசி போட்டுக்கிட்டுப் போயிட்டு வாரேன். ஒரு ஊசிக்குப் பயந்துக்கிட்டுத் தாத்தா வரலைன்னு பேத்திகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

அது ராஜபாண்டியனை உலுக்கிவிட்டது. பேத்தியின் போட்டோவை அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை எடுத்துப் பார்க்கிறவர்.

"ஏலே சங்கிலிமுத்து, தூத்துக்குடிக்கு விடு" என்றார்.

அங்கே தங்கத்தாய் முதல் ஆளாக ஊசி போட்டுக்கொண்டாள். அடுத்து ராஜபாண்டியன் கண்ணை இறுக மூடி, மனைவியின் கையை இறுகப் பிடித்து, இருக்கன்குடி மாரியம்மனிலிருந்து வரிசையாக எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். பாதிச் சாமிகள் வந்து சேர்வதற்குள் நர்ஸ் தோளைத் தட்டினாள்.

"எந்திரிங்க, முடிஞ்சுச்சு."

"எது?"

"ஊசிதான்."

ராஜபாண்டியனால் நம்ப முடியவில்லை. இம்புட்டுத்தானா? வெளியே வந்தவர் மஞ்சள் அட்டையைச் சங்கிலிமுத்துவின் முகத்துக்கு நேரே ஆட்டினார். வாசலில் நின்ற ஆட்களிடம் "எறும்பு கடிச்ச மாதிரிதான், பயப்படாதீக" என்று கேட்காமலேயே அறிவுரை சொன்னார். தங்கத்தாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் மனசு நிறைந்துதான் போயிருந்தது.

அங்கேயே நின்று கம்பாலாவுக்குப் போன் போட்டார். மருமகன் ஹரிபிரசாத் எடுத்தான்.

"மாப்ளே, ஊசி போட்டாச்சு! இனிமே இந்த ஜென்மத்துக்கு ஊசித் தொல்லை கிடையாது. பேத்தியைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி."

"ரொம்ப நல்லதாப் போச்சு மாமா! நீங்க வந்து இறங்குற மறுநாள் பாப்பாவுக்கு ஒரே தடவைல மூணு தடுப்பூசி. அனுவுக்கும் எனக்கும் ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருது, அத்தை பாவம், பயந்துருவாக. அதான், பிள்ளையை மடியில வச்சுப் பிடிச்சுக்கிட வெடிக்கே பயப்படாத எங்க மாமா வாராகன்னு நர்ஸ்கிட்டச் சொல்லி வச்சிருக்கோம்!"