லீவே எடுக்காத பட்டாளத்துக்காரர்

அன்புள்ள கொழுந்தனுக்கு உன் அண்ணி எழுதிக்கொள்வது.

நீ சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். உன் மகள் நேரத்துக்குச் சோறு போடுகிறாளா, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து தீர்ந்துபோகாமல் இருக்கிறதா என்பதையும் கேட்டதாகவே வைத்துக்கொள். நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அது கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. மானம்தான் போய்விட்டது. போகக்கூடிய வயதில் எல்லாம் பொத்திப் பொத்தி வைத்திருந்துவிட்டு, பல் விழுந்த பிறகு போகிறதென்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கடிதம் நீளமாகத்தான் இருக்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், சுருக்கி எழுதுவதை நாலாம் வகுப்பில்தான் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

எல்லாம் என் மூத்தவனுடைய பையனால் வந்தது. சர்வேயர் வேலை பார்க்கிறானே, அவன்தான். பகலெல்லாம் ஊரார் நிலத்தை அளக்கிறவன் வீட்டுக்கு வந்தால் காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே? குடும்பத்தை அளக்க ஆரம்பித்தான். இங்கே முன்னாள் படைவீரர் சங்கத்தார் நூலக வாசலில் ஒரு கல் நடப்போகிறார்கள், அந்தப் பெரிய சண்டைக்குப் போனவர்கள் பெயரை எல்லாம் அதில் வெட்டப்போகிறார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் பெயர் கூட வருகிறதாம். அவர் பட்டாளத்தில் பொத்தான் தைத்ததோடு சரி, துப்பாக்கியைத் துணி போட்டு மூடியபோது பார்த்ததுதான். அவர் பெயரே வரும்போது தாத்தா பெயர் வராமல் போவதா என்று பேரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சங்கத்தில் பட்டாள நம்பரைக் கேட்டிருக்கிறார்கள். உன் அண்ணன் பதக்கத்தை வைத்துவிட்டுப் போனார், நொண்டுகிற காலின் கதையை வைத்துவிட்டுப் போனார், நம்பரை மட்டும் வைக்கவில்லை. உயிரோடு இருந்தபோதே நம்பர் என்றால் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார். "தாத்தாவோட சர்வீஸ்ல ஏதோ மர்மம் இருக்கு பாட்டி" என்றான் இவன். மர்மமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, கை கழுவிவிட்டுச் சாப்பிட வா என்றேன். அடங்குகிற பிள்ளையா அவன்? பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு எழுதினான். அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினான். காகிதம் எல்லாம் மழையில் நனைந்துவிட்டது என்று வந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். எந்தப் புண்ணியவானோ அதை வெயிலில் காயவைத்திருக்கிறான், போன வாரம் பெரிய உறையாக வந்து சேர்ந்தது.

முன்னறையில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேரன் சத்தமாக வாசித்தான். எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தக் கப்பலில் கடல் தாண்டினார், அடிபட்ட அதிகாரியை எப்படி முதுகில் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தார், எதற்குப் பதக்கம் கொடுத்தார்கள், எல்லாம் இருந்தது. மூத்தவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் உன் அண்ணன் படத்தைப் பார்த்தேன். அவர் எப்போதும்போல ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார். கடைசி வரிக்கு வந்தபோது பேரனுக்குக் குரலே மாறிவிட்டது. "சண்டை முடியற வரைக்கும் தாத்தா ஒரு நாள் கூட லீவு எடுக்கலப்பா" என்று பெருமையோடு சொன்னவன் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றான். தேதியைப் பார்த்தான், தன் அப்பாவைப் பார்த்தான், மறுபடி தேதியைப் பார்த்தான். என் மூத்தவன் பிறந்தது அந்தச் சண்டைக்கு நட்டநடுவில் அல்லவா? குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று இன்றுவரை கணக்குப் பிடிபடாத மருமகள், இந்தக் கணக்கை மட்டும் எல்லாருக்கும் முன்னால் போட்டு முடித்துவிட்டாள். அவள் முகத்தில் தெரிந்தது எனக்கு.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன், அதில் எனக்குக் குறை கிடையாது. அன்றிலிருந்து எல்லாரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள், தம்பி. அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு தலையணை எடுத்துக் கொடுக்காத மருமகள் முதுகுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று கொண்டுவந்து வைக்கிறாள். தொலைக்காட்சித் தொடரில் எவளாவது ஒருத்தி புருஷன் ஊரில் இல்லாதபோது கதவைத் திறந்தால் உடனே பேரன் செய்திக்கு மாற்றுகிறான். காகிதத்தைத் தன் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான், நான் படித்துவிட்டு மனசு நோகக் கூடாதாம். பிறகு மூத்தவன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அம்மா, சின்ன வயசுல தனியா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பே. நான் உன்னைத் தப்பா நினைக்கலம்மா. யாருன்னுகூட கேட்க மாட்டேன்."

யாரென்று கூடக் கேட்க மாட்டானாம். பெற்று வளர்த்ததற்கு என் பிள்ளை என்னை மன்னித்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில், செத்துப்போன உன் அம்மாவுக்கு நாம் செய்துகொடுத்த சத்தியம் எல்லாம் பறந்துவிட்டது. அந்த இடத்திலேயே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ கப்பல் ஏறினாய், பின்னால் இந்த வீட்டில் நடந்தது உனக்கு என்ன தெரியும்? சந்தையில் ஆள் எடுத்தபோது வீறாப்பாகப் பெயர் கொடுத்தவர் உன் அண்ணன், பட்டாளத்தில் வந்து சேரச் சொல்லி உத்தரவு வந்ததும் அவர் பெயருக்கு. அவர் அதைப் படித்ததும் குளிர்ஜுரம் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நீயோ வயது பற்றாத பயல், சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தும் பட்டாளம் பட்டாளம் என்று பறந்துகொண்டிருந்தாய். மீசையைக் கரியால் கறுப்பாக்கிக்கொண்டு, என் புருஷனிடம் இருந்த ஒரே நல்ல சட்டையையும் போட்டுக்கொண்டு, விடியும் முன்னே அந்த உத்தரவோடு கிளம்பிப் போய் அவர் பெயரைச் சொல்லிச் சேர்ந்துவிட்டாய். சட்டை திரும்பி வரவில்லை. நான் மறக்கவில்லை.

அப்புறம் உன் அண்ணன் எப்படித் தெருவில் தலைகாட்டுவார்? சண்டையில் இருக்க வேண்டியவர் ஆயிற்றே. பரணில் ஏற்றிவிட்டார் உன் அம்மா. அவர் அங்கே சும்மா படுத்திருந்தாரா, தூசிக்கு இருமினார். இருமல் தெருவரை கேட்டதும், "சின்னவனுக்கு நெஞ்சில் நோவு, ஒட்டிக்கொள்ளும், யாரும் பார்க்க வரவேண்டாம்" என்று உன் அம்மா வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார். பெரியவன் சண்டையில் இருக்கிறான், சின்னவன் மேலே சாகக் கிடக்கிறான் என்று ஊரே நம்பியது. ஏணியில் சாப்பாட்டை ஏற்றியது நான், வாளியை இறக்கியதும் நான். ராத்திரியில் விளக்கை அணைத்த பிறகு அவர் கீழே வருவார். ஒருநாள் இறங்குகிற அவசரத்தில் படி தவறி விழுந்தார், கால் அன்றைக்குப் போனதுதான். என்ன அவசரம் என்று நான் எழுதப்போவதில்லை. அந்தக் காலில்தான் பிற்பாடு எதிரியின் குண்டு பாய்ந்தது. எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும், பெரியவன் லீவில் இருட்டோடு வந்து இருட்டோடு போனான் என்று உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. உன் அம்மா சொன்னால் யார் பேசுவார்கள்?

சண்டை முடிந்து நீ ராத்திரியோடு ராத்திரியாக வந்தாய். விடிந்ததும் சண்டையிலிருந்து திரும்பியவர் உன் அண்ணன், நெஞ்சு நோவு தேறி எழுந்தவன் நீ. பதக்கத்தில் அண்ணன் பெயர் இருக்கிறது என்று அவர் கையிலேயே கொடுத்தாய், அவரும் வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உன் எதிரில் உட்கார்ந்து உன் சண்டையைப் பாடம் கேட்டார். சாகும்வரை அதைத்தான் ஒப்பித்தார். உன் எதிரிலேயே ஒப்பித்தார், நீயும் "அப்படியா அண்ணே" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒருமுறை ஆறு அவ்வளவு அகலம் இல்லை என்று நீ வாய் தவறிச் சொன்னதற்கு, "போனவனுக்குத்தானேடா தெரியும்" என்று உன்னை அதட்டினார். சிரிப்பை அடக்க நான் பின்கட்டுக்கு ஓடினேன். அது போகட்டும். கடல் கடந்து போய் வந்தவன் உன் அம்மாவுக்கு வாசனைச் சோப்பு வாங்கிவந்தாய். அந்த வாளியைத் தினமும் கழுவிய அண்ணிக்கு ஒரு துண்டுச் சோப்பு கிடையாது.

இதை எல்லாம் ஒன்று விடாமல் மூத்தவனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்து, "சரிம்மா, நீ கொஞ்சம் படுத்துக்கோ" என்றான். வயதானால் இப்படித்தான் கதை கட்டுவார்கள் என்று மருமகள் அடுப்பங்கரையில் சொன்னது எனக்குக் கேட்டது, என் காதுக்கு என்ன குறை? அம்மா கெட்டுப்போனவள் என்றால் நம்புகிறார்கள், அப்பா பரணில் இருந்தவர் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பேரன் வேறு, ஆதாரம் இருக்கிறதா பாட்டி என்று கேட்கிறான். என் கல்யாணத்தன்று யார் யார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லக்கூடிய என்னிடம் ஆதாரம் கேட்கிறான். டார்ச் எடுத்துக்கொண்டு பரணில் ஏறினான். உடைந்த நாற்காலி ஒன்றையும் ஒரு தேளையும் பார்த்துவிட்டு இறங்கினான், தாத்தா இருந்த அடையாளம் எதுவும் இல்லையாம். கல்வெட்டு வைத்துவிட்டு இறங்குவார் என்று நினைத்தான் போலிருக்கிறது.

ஆகையால், தம்பி, கிடைத்த பஸ்ஸில் ஏறி வா. உண்மை தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நீயும் நானும்தான், என் பேச்சு எடுபடவில்லை. கல்லில் பெயரை வெட்டுவதற்குள் வந்து, எல்லாரையும் உட்காரவைத்து, சண்டைக்குப் போனது யார் என்று உன் வாயால் சொல். சட்டையைக் கழற்றித் தோளில் இருக்கிற தழும்பைக் காட்டு. சத்தியம் வாங்கியவரே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆள் மாறாட்டத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று பயப்படாதே, உன்னைப் பிடித்துக்கொண்டு போனால் உன்னைக் கழிவறைக்குக் கூட்டிப்போக அவர்கள் தனியாக ஒரு ஆளைப் போடவேண்டும், எந்தச் சிறையிலும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கல்லில் இருக்க வேண்டியதும் உன் பெயர்தான். அண்ணன் பதக்கத்தை மாட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் நீ வேறு பக்கம் பார்ப்பாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதையும் நான் மறக்கவில்லை. நீ வந்து சொல்லிவிட்டால் சட்டையை மன்னித்துவிடுகிறேன். சோப்பைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

உன் மகளும் மருமகனும் குறையில்லாமல் இருக்கட்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உனக்கு உண்டான ஆசீர்வாதத்தை நேரில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
மானத்தைத் திருப்பி வாங்கக் காத்திருக்கும்
உன் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. வராதே. எந்தக் காரணத்துக்காகவும் வராதே. பேரன் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. தாத்தா ஊரில் இல்லை என்றால் அந்தக் காலத்தில் வீட்டில் இருந்த ஆண்பிள்ளை யார் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் பெண்டாட்டியிடம் கேட்டிருக்கிறான். சின்னவர்தான் மேலே இருமிக்கொண்டு கிடந்தார் என்று அந்தப் புண்ணியவதி சொல்லிவிட்டாள். இவன் ஒரு பழைய குடும்பப் படத்தை எடுத்து உன் காதையும் மூத்தவன் காதையும் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறான். இரண்டும் ஒன்றாக இருக்கிறதாம். உங்கள் அப்பாவுக்கும் அதே காதுதான், உன் அண்ணனுக்கும் அதே காதுதான் என்று கத்தினேன். படத்தில் அவர்கள் தலைப்பாகை கட்டியிருக்கிறார்களாம், தெரியவில்லையாம். மூத்தவன் மறுபடி என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "சித்தப்பாவைக் கடைசிக் காலத்துல நம்மகூடவே வெச்சுக்கலாம்மா. இனிமே அவரை எப்படிக் கூப்பிடறதுன்னுதான் தெரியல" என்றான். இந்த நேரத்தில் நீ வந்து நின்று நான்தான் என்று வாயைத் திறந்தால், மீதியைக் கேட்காமலே கட்டிப்பிடித்து அழுவான். அதனால் இருக்கிற இடத்திலேயே இரு, புகைப்படம் கூட அனுப்பாதே.

சங்கத்தார் இன்று வந்திருந்தார்கள். பெயர்களை வெட்ட அனுப்பியாகிவிட்டதாம். கல் திறக்கும் அன்றைக்குப் படைவீரர்களின் மனைவிமார் மேடையேறிக் கணவரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமாம், உயிரோடு இருப்பது நானும் எதிர்வீட்டுக்காரியும்தான். அம்மாவுக்கு முடியாது என்று மருமகள் முந்திக்கொண்டாள். முடியும் என்றேன். என் கணவர் ஒரு வீரர், நான் பெருமைப்படுகிறேன் என்று பேரன் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் எதிரில் நல்ல பிள்ளையாக ஒப்பித்துக் காட்டிவிட்டேன், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. நீ கவலைப்படாதே, உன் பெயரைத் தெளிவாகவே சொல்வேன். ஊரே உட்கார்ந்திருக்கும், மைக்கை என் கையில் கொடுக்கப்போகிறார்கள்.