நாலு பத்துக்கு நெட் வராது

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்க்கும்போதே லைன் டாக்டர் சபதம் போட்டுவிட்டார்.

"இனிமே இந்த வீட்ல நெட் ஒரு நிமிஷம் நின்னுச்சுன்னா என் பேர மாத்திக்கறேன்!"

"மொதல்ல வாயக் கொப்பளிங்க. சட்டையெல்லாம் நுரை," என்றாள் மனைவி.

லைன் டாக்டர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். ஆனால் அலுவலகத்துக்கு அவர் போவதே இல்லை. வீட்டுப் பின்னறையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ ஒரு கட்டடத்தில் இருக்கும் இருநூறு சர்வர்களுக்கு வைத்தியம் பார்ப்பார். எந்த லைன் எங்கே அறுந்தது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டில் இரண்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு நெட் போய்விடுகிறது! வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

போனால் என்ன நடக்கும்? அவர் திரை அப்படியே நிற்கும். ஹாலில் தையல் மெஷின் சத்தமும் நிற்கும். மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். செருப்புச் சத்தம் வரும். கதவில் இரண்டு தட்டு.

"ஏங்க, நெட் வரல."

இவர் முணுமுணுத்துக்கொண்டே ஹாலுக்குப் போவார். டிவிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. தெருவிலிருந்து வரும் லைன் அந்தப் பெட்டி வழியாகத்தான் பின்னறையில் இருக்கும் அவருடைய சொந்த சர்வருக்குப் போகும். குந்தி உட்கார்ந்து ஒரு ஒயரை இழுப்பார், இன்னொன்றை அழுத்துவார். விளக்கு எரியும். அதற்குள் மனைவி டீயை நீட்டியிருப்பாள். அவர் குடித்து முடிப்பதற்குள் ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். மகள் போன் பண்ணினது, எதிர்வீட்டில் தனியாக இருக்கும் டீச்சருக்கு முட்டிவலி, மேல்வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டது. இவர் "ம்" என்பார். இன்னொரு "ம்" போடுவார். பத்து நிமிஷத்தில் உள்ளே போய்விடுவார். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த வீட்டில் ஒரு நாளைக்கு நடக்கிற பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

இந்த நாலு பத்து நோய்க்கு அவர் கிராஃபே போட்டிருந்தார். சர்வருக்குள் நெட் வந்து சேரும் பழைய நெட்வொர்க் கார்டு சாயங்கால வெயிலில் சூடாகிறது என்பது அவர் முடிவு. மழை கொட்டிய நாட்களிலும் நாலு பத்துக்கே போயிருந்தது. அந்த நாட்களை மட்டும் கிராஃபிலிருந்து எடுத்துவிட்டார்.

"அதுக்கு வயசாயிடுச்சு," என்றார்.

"யாருக்கு?"

"கார்டுக்குத்தான். அதத் தூக்கிட்டு ஃபைபர் கார்டு போடப்போறேன். பத்து மடங்கு ஸ்பீடு. நூல் மாதிரி ஒயரு, உள்ள வெளிச்சமா ஓடும்."

"தினம் கரெக்டா நாலு பத்துக்கா சூடாகும்?"

"அது பெரிய சயின்ஸும்மா. உனக்குப் புரியாது."

மனைவி ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

சர்வரின் மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்த தூசியில் ஒன்பது தும்மல் போட்டார். புது கார்டின் தகடு சர்வரைவிட உயரமாக இருந்தது. குட்டைத் தகடு ஒன்றை மாற்றிப் பொருத்தினார். அதற்குள் ஒரு திருகு கைநழுவி உள்ளே விழுந்துவிட்டது. சர்வரைத் தலைகீழாகப் பிடித்துக் குழந்தையை உலுக்குவது போல உலுக்கி அதை எடுத்தார். ஒருவழியாகக் கார்டு இடத்தில் உட்கார்ந்தது. வாசலிலிருந்து மஞ்சள் ஃபைபர் ஒயரை நேராகப் பின்னறைக்கே இழுத்தார். நடுவில் இனி எதற்கு டிவிக்குக் கீழே ஒரு பெட்டி? அதைக் கழற்றிப் பரணில் போட்டார்.

சர்வரின் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. இரண்டு மணி நேரம் கீபோர்டைப் போட்டுத் தட்டுதட்டென்று தட்டினார். ம்ஹூம். பெருக்க வந்த மனைவி துடைப்பத்தோடு நின்று பார்த்தாள்.

"இதுல ரெண்டு இழை இருக்கே. ஒண்ணு பேசற வாய், ஒண்ணு கேக்கற காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"ரெண்டு பக்கமும் வாய்க்கு வாயா மாட்டிட்டீங்களோ? எல்லாரும் பேசிக்கிட்டே இருந்தா யாருங்க கேக்கறது?"

"அதத்தான் இப்பப் பாக்கறதா இருந்தேன்," என்று அசடு வழிய இரண்டையும் மாற்றிச் செருகினார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. உடனே வேகத்தை அளந்து காட்டினார். எண்ணைப் பார்த்துத் தானே கைதட்டிக்கொண்டார்.

"இனிமே நீ வந்து என் கதவத் தட்டவே வேண்டாம்!"

மனைவி கொஞ்ச நேரம் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்படிங்களா. சரி," என்றாள்.

திங்கட்கிழமை நாலு பத்து வந்தது. நெட் நிற்கவில்லை. மார்தட்டிக்கொண்டார். நாலேகாலுக்குக் கதவைத் திறந்தால் அறை வாசலில் ஒரு ஃபிளாஸ்க். மூடியைத் திருகி, டீயை ஊற்றி, தனியாகக் குடித்தார். என்னவோ ருசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் ஃபிளாஸ்க்தான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஹாலில் மெஷின் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. செருப்புச் சத்தம் மட்டும் வரவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து தான் மனுஷ வாய்ப்பேச்சாகப் பேசியது என்ன என்று யோசித்துப் பார்த்தார். "உங்க புகாரை முடிச்சுட்டேன்" என்று பதினேழு தடவை சொல்லியிருந்தார். வேறொன்றும் இல்லை. கூட வேலை பார்க்கும் பையனை வலிய போனில் கூப்பிட்டார்.

"லைன் எப்படிப்பா இருக்கு?"

"சூப்பரா இருக்கு சார்," என்று அவன் வைத்துவிட்டான்.

நெஞ்சுக்குள் என்னவோ வெறிச்சென்று இருந்தது. யாராவது வந்து தொந்தரவு செய்தால் தேவலை என்று ஏங்கினார். எழுந்து போய்ப் பேச வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். போய் என்னவென்று ஆரம்பிப்பது? சாக்கு இல்லாமல் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லை. திடீரென்று போனால் ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

லைன் டாக்டர் மூளை வேலை செய்தது. புதன்கிழமை நாலு எட்டுக்குத் தன் கையாலேயே மஞ்சள் ஒயரைப் பிடுங்கினார். தலையை வாரிக்கொண்டார். மூஞ்சியில் எரிச்சலை வரவழைத்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்தார். நாலு பத்து ஆயிற்று. நாலேகால் ஆயிற்று. நாலரைக்கு அலுவலகத்திலிருந்துதான் போன் வந்தது.

"சார், உங்க வீட்டு லைன் போச்சா?"

"ஆமா. பாத்துக்கிட்டிருக்கேன்."

"உங்க லைனேவா சார்?"

அவன் சிரிப்பை அடக்கியது இவர் காதில் தெளிவாக விழுந்தது. வியாழக்கிழமையும் பிடுங்கினார். அன்றைக்கும் அந்த போன்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியவில்லை. நாலு மணிக்கே பிடுங்கிப் போட்டுவிட்டு, மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, தானே ஹாலுக்கு வந்தார். டிவியில் காலர் தைக்கச் சொல்லிக்கொடுக்கும் வீடியோ தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நெட்... வருதா?"

"ஓ, ஜோரா வருதே."

"அதெப்படி வரும்? நான்தான்..."

"நீங்கதான்?"

"நான்தான்... கேக்கறேன்."

"இது எதிர்வீட்டு டீச்சர் நெட்டுங்க. நீங்க கார்டு மாட்டின அன்னிக்கே பாஸ்வேர்ட் வாங்கிட்டேன்."

"நம்ம வீட்ல பத்து மடங்கு ஸ்பீடு இருக்கறப்ப அது எதுக்கு?"

"ஒரு நாள் நின்னுச்சுன்னா உங்களக் கூப்பிடணுமே. கதவத் தட்டாதேன்னு சொல்லிட்டீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உண்மையச் சொல்லிடறேன். மூணு நாளா நான்தான் ஒயரப் பிடுங்கறேன்."

"தெரியும்."

"எப்படி?"

"ரெண்டு வருஷமா நான் பாத்த வேலதானே. எனக்குத் தெரியாதா?"

"என்ன வேல?"

மனைவி மெஷினுக்குப் பின்னால் சுவரில் இருந்த சுவிட்சைக் காட்டினாள். "உங்க பொட்டி இதுலதான் சொருகியிருந்துச்சு. நாலு பத்துக்கு அணைப்பேன். நீங்க வந்து குந்தி ஒயர இழுக்கறப்ப போட்டுடுவேன்."

"அப்ப... சூடு?"

"டீதாங்க சூடா இருந்துச்சு."

இருநூறு சர்வருக்கு வைத்தியம் பார்த்தவர் அந்தச் சுவிட்சை ஒரு தடவை போட்டு, ஒரு தடவை அணைத்துப் பார்த்தார். மனைவி துணியை மடித்துக்கொண்டே பேசினாள்.

"பொண்ணு போனதுலேருந்து இந்த வீட்ல மெஷின் சத்தம் மட்டும்தாங்க. பத்து நிமிஷம் ஒரு மனுஷ மூஞ்சியப் பாத்தாத்தான் அடுத்த துணிய எடுக்கவே மனசு வரும். அந்தப் பொட்டியப் பரண்ல தூக்கிப் போட்டீங்க பாருங்க, அன்னிக்குப் பூரா எனக்கு அழுகையா வந்துச்சு."

"எனக்கும் இந்த வாரம் தாங்கலம்மா," என்றார். "ரூம்ல உக்காந்து உன் செருப்புச் சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு நாற்காலியை மெஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"சரி, போனது போகட்டும். இனிமே சுவிட்சும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். தினம் நாலு பத்துக்கு நானே வந்துடறேன்."

மனைவி தயங்கினாள். "நாலு பத்து... ஆகாதுங்களே."

"ஏன்?"

கடிகாரம் நாலு பத்தைத் தொட்டது. வாசல் கதவில் இரண்டு தட்டு விழுந்தது. எதிர்வீட்டு டீச்சர், கையில் ஒரு டம்ளரோடு நின்றார்.

"எங்க வீட்ல நெட் வரலம்மா," என்றார் டீச்சர். "நேத்து மாதிரியே இன்னிக்கும் போயிடுச்சு. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகட்டுமா?"

டிவியில் டீச்சர் வீட்டு நெட் குறைவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

லைன் டாக்டர் உட்காரப்போன நாற்காலியை மனைவி மெல்ல இழுத்து டீச்சருக்குப் போட்டாள்.

"வாங்க டீச்சர், உக்காருங்க," என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க நாலரைக்கு மேல வாங்க."