குடிநீர் அலுவலகத்தில் ஓட்டம்

பொதுமக்களின் தாகம் தீருமுன் ஊழியர்களின் தொப்பை தீர வேண்டும் என்று குடிநீர் அலுவலகத்தின் மேலதிகாரி திருவாய் மலர்ந்தருளினார். அன்று முதல் காலையில் மொட்டைமாடியில் ஓட்டம், மாலையில் குதியாட்டம். இடையில் மூச்சு மிச்சமிருந்தால் அலுவல்.

இதில் வந்து மாட்டிக்கொண்டவர் ஒரு தையல்காரர். வீட்டுக்கு ஒரு குழாய் கேட்டிருந்தார், பாவம். மனைவி நிறைமாதம். இவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அவள்தான் குடம் தூக்க வேண்டும்.

தினமும் வருவார். கீழே நாற்காலிகள் காலி. மாடிக்கு ஏறுவார்.

"சார், என் மனு என்னாச்சு?"

"ஓடிட்டிருக்கேன்ல? கண்ணு தெரியலையா?" என்று குமாஸ்தா எரிந்து விழுவார்.

இறங்குவார். சற்று உட்காருவார். மறுபடி ஏறுவார்.

ஊழியர்களில் ஒருவருக்கு முழங்கால் போனது, இன்னொருவருக்கு இடுப்பு. கடைசியில் குமாஸ்தா சுருண்டு விழ, டாக்டர் வந்தார்.

"தினமும் கொஞ்ச நேரம் நடந்தா, படி ஏறினா போதும் சார். இப்படி நாள் பூரா விரட்டினா மூட்டும் தாங்காது, நெஞ்சும் தாங்காது."

"கொஞ்ச நேரமா? இந்த ஆபீஸ்ல எந்த வேலைய நாங்க கொஞ்ச நேரத்துல முடிச்சிருக்கோம்?" என்றார் மேலதிகாரி.

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அன்றும் மனுவுக்காகப் படியேறி வந்து நின்ற தையல்காரரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "இதோ பாருங்க, இங்க ஆரோக்கியமா இருக்கிறவர் இவர் ஒருத்தர்தான்!"

தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேலதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு திடமான ஆளுக்குக் குழாய் எதுக்கு? சுமந்துட்டுப் போகலாமே! மனு தள்ளுபடி."

வீட்டில் மனைவி குடத்தை ணங்கென்று வைத்தாள். "யாரு உங்கள அங்க போய் நல்லா இருக்கச் சொன்னது? நாளைக்கு நொண்டிக்கிட்டே போங்க!"

மறுநாள் நொண்டிக்கொண்டே போனார், நெஞ்சை வேறு பிடித்துக்கொண்டு. மேலதிகாரி பூரித்துப் போனார்.

"அடடா, நம்ம ஊழியர் மாதிரியே இருக்கீங்களே! குமாஸ்தா ஆஸ்பத்திரியில படுத்துட்டார். அவர் இடத்துல நீங்க ஓடுங்க. ஊழியர் வீட்டுக்குத்தான் முதல் குழாய்."

தையல்காரர் ஓடினார். கடையை மறந்து ஓடினார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறி வந்தாள்.

"என்னங்க, நம்ம குழாய் என்னாச்சு?"

அவர் நிற்கவேயில்லை.

"ஓடிட்டிருக்கேன்ல? கண்ணு தெரியலையா?"