ரயில் வந்தால்தான் காபி

ஐந்து நாற்பது லோக்கல் இன்னும் வரவில்லை. சமையலறையில் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி, காதை ஜன்னல் பக்கம் தீட்டிக்கொண்டு நின்றாள் லோகநாயகி. மேடைமேல் காபி அரைக்கும் மிஷின், வாய் நிறைய வறுத்த கொட்டையோடு காத்திருந்தது.

திருநின்றவூரில் தண்டவாளத்தை ஒட்டி வீடு அமைந்தால் யாராயிருந்தாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். லோகநாயகி மட்டும் தெய்வத்துக்கு நன்றி சொன்னாள். ரயில் போகிற சத்தத்தில் மிஷினை ஓட்டிவிடலாம். பகலில் அரைக்கலாமே என்றால், சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்கு வருகிற மின்சாரத்தில் மிஷின் முனகுமே தவிரச் சுற்றாது.

இத்தனை மறைப்பும் கணவர் திருவேங்கடத்துக்காக. ஆவடி ஃபாக்டரியில் வேலை. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். வடித்த காபித் தூளை வெயிலில் காயவைத்து இன்னொரு தரம் போடச் சொன்ன மகானுபாவர். போன தீபாவளிக்கு அவள் வாங்கிய குக்கரை, "பானை இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று கேட்டு மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மிஷினோ அவள் இரண்டு வருஷம் ரவிக்கை தைத்துச் சேர்த்த காசு. அவர் கண்ணில் பட்டால் அதுவும் கடைக்குத்தான் போகும்.

அவர் வாங்கி வரும் மலிவுச் சிக்கரித் தூள், சத்தமில்லாமல் பால்காரி பூங்காவனத்தின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது தெரியாமல் திருவேங்கடம் தினமும் டம்ளரை வைத்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டுவார்.

"பாத்தியா லோகு? மிஷின் மிஷின்னு பறந்தியே! நான் வாங்கியாந்த தூளு எப்டி கீது?"

அதோடு விட்டாரா? கூட வேலை பார்க்கும் கங்காதரன் புது மிஷின் வாங்கப்போகிறேன் என்று சொல்ல, "ஞாயித்துக்கெயம காலைல ஆறரைக்கு ஊட்டுக்கு வா மச்சான். எங்க காப்பியக் குட்ச்சிட்டு அப்பால வாங்கு பாக்கலாம்" என்று சவால் விட்டுவிட்டார். குடும்பத்தோடு ஆறு பேர்.

அந்த ஞாயிறுதான் இது.

"வண்டி வராது!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

லோகநாயகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னாங்க சொல்றீங்க?"

"தண்டவாளத்துல வேலையாம். ஒம்போது மணி வரிக்கும் ஒண்ணும் வராது. நிம்மதியா தூங்கலாம்."

அவர் தூங்கலாம். இவள் என்ன செய்வாள்? ஓடிப்போய் ரேடியோவைப் பெரிதாக வைத்தாள். திரும்பிச் சமையலறைக்குள் நுழைவதற்குள் அது நின்றுவிட்டது.

"ரேடியோவுக்கு பேட்டரி செல்லு இன்னா சும்மா வருதா?" என்றார் திருவேங்கடம்.

அடுத்ததாகக் கம்பளியை எடுத்து மிஷினைச் சுற்றிக் கட்டித் தரையில் வைத்துச் சுவிட்சைத் தட்டினாள். கம்பளியின் குஞ்சலம் உள்ளே மாட்டிக்கொண்டு மிஷின் முன்னைவிட இரண்டு பங்கு அலறியது. பதறி அணைத்தாள்.

"இன்னா சத்தம் அது?"

"பூ... பூனைங்க!"

"பூனை எங்கனா கரகரன்னு கத்துமா?"

"தொண்டைல முள்ளு மாட்டிகிச்சி போல கீது."

சொன்னது தப்பாகப் போயிற்று. அடுப்பங்கரைப் பக்கம் கட்டையோடு வந்துவிட்டார் மனிதர். வேறு வழியில்லாமல் லோகநாயகி கம்பளிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மிஷின் அடியில் சுட்டது.

"ஏன் இங்க குந்திகினு கீற?"

"தலை சுத்துது."

"காப்பி குடி, சரியாப்பூடும். பூனை எங்க?"

"தெருப்பக்கம் ஓடிட்ச்சிங்க."

"வுட்டா பாலுக்குத் திரும்பி வரும். ரெண்டு தெரு தொரத்திட்டு வந்துடறேன்."

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் லோகநாயகி கதவைத் தாழிட்டாள். கம்பளியைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஒளிவு மறைவில்லாமல் ஆறு பேருக்கும் சேர்த்து அரைத்துத் தள்ளினாள். மிஷின் அரிசி மூட்டைக்குப் பின்னால் போயிற்று. ஃபில்டரில் வெந்நீர் இறங்கியது. முதல் சொட்டு விழுந்த வாசனையில் அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. மலைபோல் வந்தது பனிபோல் நீங்கியதே என்று பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பின்கதவு தட்டப்பட்டது. பால் சொம்போடு பூங்காவனம்.

"இன்னாக்கா, அரைச்சி முட்ச்சிட்டியா?"

"மெதுவாடி! அவரு வந்துடப்போறாரு."

"வரமாட்டாரு. தெருக்கோடில கட்டையும் கையுமா குந்திகினு கீறாரு. மிஷினு சத்தம் நின்னுட்ச்சான்னு பாத்துகினு வரச் சொன்னாரு. 'நான் கண்டுபுட்சா கடைல திருப்பிக் குடுத்தாவணும், அப்பால அந்தச் சிக்கரித் தண்ணிய எவன் குடிக்கிறது'ன்னு கேக்குறாருக்கா!"