மீன் ஐஸில் ஓர் ஆப்பிள் மரம்

மனித குலம் நெருப்பைக் கண்டறிந்த பிறகு நிகழ்ந்த மாபெரும் சாதனை, கடலூர் புதுப்பாளையத்தில் இன்னாசிராஜ் ஆப்பிள் கன்று நட்டதுதான். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்புகளை வாடாமல் காத்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு கன்றெல்லாம் எம்மாத்திரம்?

நகர் நலச்சங்கம் அந்த ஆண்டு 'பசுமைச் செம்மல்' விருதை அறிவித்திருந்தது. அது கிடைக்காவிட்டால் ஓய்வுக்காலம் வெறும் ஓய்வாகவே போய்விடுமே என்று அவருக்கு உண்மையிலேயே பயம்.

ஆப்பிளுக்கு வெயில் வேண்டும் என்றது கைப்பேசியில் ஒரு வீடியோ. கொல்லையிலோ கொய்யா மரம் நிழலைப் பரப்பிக்கொண்டு நின்றது. 'தானே' புயலில் தெருவே சாய்ந்தபோதும் சாயாத மரம். அதன் அடியில்தான் அவர் மனைவி வியாகுலமேரி இத்தனை வருடமும் மீன் ஆய்ந்தாள். காய்த்ததில் பாதி தெருப் பிள்ளைகளுக்கு. ஆனால் கொய்யா யார் வீட்டில்தான் காய்க்காது? அதற்கு யார் விருது தருவார்கள்?

"அத வெட்டாதீங்க. வேற எங்கனா நடுங்க" என்றாள் வியாகுலமேரி.

"வளர்ச்சின்னு வந்தா தியாகம் இருக்கத்தான் செய்யும், மேரி."

தியாகத்தை மரம் செய்தது. முழங்கால் உயர அடிக்கட்டை மிஞ்சியபோது கோடரி மழுங்கிவிட்டது; கட்டை அப்படியே நின்றது. அன்று அவள் சாப்பிடவில்லை. கன்று நடும் மும்முரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

நிழல் ஒழிந்த மறுநாள், ஆப்பிளுக்குக் குளிரும் வேண்டும் என்றது அதே வீடியோவின் இரண்டாம் பாகம். மே மாதக் கடலூரில் குளிர் எங்கே கிடைக்கும்? தேவனாம்பட்டினத்தில், மீன் பெட்டிக்குள் கிடைக்கும். தினமும் காலையில் மொபெட்டில் போய் மிச்ச ஐஸைச் சாக்கில் கட்டிவந்து வேரடியில் கொட்டினார்.

"தெனம் ஐஸ் வாங்கினு போறீங்களே சார், வூட்ல யார்னா தவறிட்டாங்களா?" என்று கேட்டார் மீன் வியாபாரி பக்கிரி.

"ஆப்பிள் செடிக்குப்பா."

பக்கிரி துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். "அதுக்கு எப்ப எடுக்கறாங்க சார்?"

விஞ்ஞானத்தை எல்லோரும் உடனே புரிந்துகொள்வதில்லை. கன்றில் ஏழு இலைகள் இருந்தன. சுற்றிலும் ஒன்பது பூனைகள் இருந்தன.

ஞாயிறு பூசை முடிந்ததும், சங்கச் செயலாளர் அறிவழகன், சிதம்பரத்திலிருந்து வந்த நடுவர் ராஜமாணிக்கத்தோடு கொல்லைக்குள் நுழைந்தார்.

"பூனைங்க எதுக்கு?" என்றார் நடுவர்.

"இயற்கைமுறைப் பாதுகாப்பு, ஐயா" என்றார் இன்னாசிராஜ்.

நடுவர் அதை எழுதிக்கொண்டார். வேர்த்து ஊற்றியது. "கொஞ்சம் நெழலா எங்கனா நிக்கலாமா?"

நிற்கலாம்தான். நிழல்தான் இல்லை. எனவே உடனடியாக, ஒருமனதாக, விருது இன்னாசிராஜுக்கு என்று முடிவாயிற்று.

"போட்டோவுல எல்லாரும் தெரியணும். சித்த ஒசரமா நின்னு பேசுங்க ஐயா" என்றார் அறிவழகன்.

கொல்லையில் இருந்த ஒரே மேடையில் நடுவர் ஏறினார். மரம் வளர்ப்பின் மகத்துவம் பற்றி இருபது நிமிடம் பேசினார். இன்னாசிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. விருதுக் கேடயத்தை வீட்டம்மா கையாலேயே வழங்கலாம் என்று அறிவழகன் வியாகுலமேரியை அழைத்தார்.

அவள் வந்தாள். கேடயத்தைப் பார்க்கவில்லை. நடுவரின் செருப்பைப் பார்த்தாள். ஐஸ் கரைந்த தண்ணீரில் துளிர்த்திருந்த இரண்டு கொய்யா இலைகள் அதன் கீழே நசுங்கிக் கிடந்தன.

"குடுக்கறேன். மொதல்ல கீழ எறங்குங்க ஐயா" என்றாள். "நீங்க மெதிச்சினு நிக்கறதுதான் எங்க வூட்டு மரம்."